நோட்டில் இல்லாத பால்

தேரடித் தெருவில் நடக்கும் மாலை டைப்ரைட்டிங் வகுப்புக்குக் கிளம்பும் முன், குணமதி தன் மகன் நிர்மலின் நோட்டை எழுதி முடித்துவிடுவாள். காலை எட்டுக்கு இரும்புச்சத்து மருந்து, பதினைந்து சொட்டு. பத்துக்குக் கேழ்வரகுக் கூழ், மூன்று ஸ்பூன். ஐந்தரைக்குப் பருப்புச் சாதம், இரண்டு வாய். மூன்றா, நான்கா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி.

ஒன்றே கால் வயதுப் பிள்ளை வெளுத்துக் கிடந்தான். இரண்டு மாதம் மருந்து கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏழரையிலேயே நின்றது. இந்த முறையும் ஏறாவிட்டால் வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் ரேணுகாம்பாள் சொல்லியிருந்தார். ஏறவில்லை.

குணமதி டாக்டரிடம் நோட்டை நீட்டினாள். தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும். எந்தப் பக்கத்தில் என்றுதான் தெரியவில்லை.

"இத சாப்ட்டு ஒரு அணில்கூட உசுரோட இருக்காதேம்மா. பால் குடிக்கிறானா?"

"குடிக்கிறாங்க. அத எழுதலைங்க."

"ஏன்?"

குணமதியுடையது ஜைன வீடு. பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிட மாட்டார்கள். பால் மட்டும் குடிக்கலாம். பால் சாப்பாட்டில் சேராது என்பது அங்கே யாரும் யோசித்துக்கூடப் பார்க்காத விஷயம்.

கணவன் தர்மசந்திரன் பெருமையாகச் சொன்னான்: "வீட்டு மாடுங்க டாக்டர். தினம் ஒரு லிட்டர் உள்ள தள்ளிடுவான்."

"மருந்து?"

"துப்பிடறாங்க. அதான் பால்லயே கலந்து..." குணமதியின் குரல் இறங்கியது.

"பால்ல இரும்பு இல்லாத மாதிரிதாம்மா. வயித்த ரொப்பிடும், சோத்துக்கு எடம் இருக்காது. மருந்தையும் உடம்புல சேர விடாது. இனிமே ரெண்டு தம்ளருக்கு மேல கூடாது. மருந்த வெறும் வயித்துல சாத்துக்குடி ஜூஸோட குடு. வேலூர ஒரு மாசம் தள்ளிப் போடலாம்."

நோட்டில் பாலுக்கு ஒரு கட்டம் முளைத்தது. முதல் வாரம் நிர்மல் கத்திய கத்தலில் மாடே மிரண்டது. ஒருநாள் அவள் வகுப்பிலிருந்து திரும்பியபோது தர்மசந்திரன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"அழுதான் குணா. ஒரு தம்ளர் ஜாஸ்தியாயிடுச்சி. திட்டாத."

"திட்டலங்க. முழுத் தம்ளரா, கம்மியா?"

"நீ டைப் அடிக்கவே வேணாம். போலீஸ்ல சேந்துடு."

பத்தாம் நாள் ஐந்தரை மணிச் சோற்றுக்கு நிர்மல் தானே வாயைத் திறந்தான். ஏழு வாய். மாத முடிவில் ஹீமோகுளோபின் எட்டே முக்கால்.

"வேலூர் வேணாம்," என்றார் டாக்டர்.

"லேப்ல தப்பா பாத்திருப்பாங்களோ டாக்டர்?" என்றாள் குணமதி.

டாக்டர் சிரித்துக்கொண்டே பிள்ளையின் கீழிமையை இழுத்துக் காட்டினார். போன மாதம் காகிதம்போல இருந்த இடம் லேசாகச் சிவந்திருந்தது. மருந்தை இன்னும் மூன்று மாதம் நிறுத்தக் கூடாது என்றார்.

திரும்பும் வழியில் குணமதி புது நோட்டு வாங்கினாள். முதல் கட்டம் பாலுக்கு.