கோத்தகிரிக்குச் சொல்லாத சேதி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பதுளை பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஓசியில் கிடைத்தது. ஸ்பிரிங்வெளி பஸ் கிளம்புகிற வழியைக் காணோம். நான் போனில் இங்கிலீஷ் சொல் விளையாட்டில் மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தேன். கையில் கியூ இருக்கிறது, யூ இல்லை. பக்கத்து சீட்டில் மரக்கறிப் பையோடு இருந்த அக்கா எட்டிப் பார்த்தார். எழுத்தைக் கொடுத்தால் அந்த எழுத்து வருகிற சொல்லையெல்லாம் கொட்டுகிற வெப்சைட் ஒன்று இருக்கிறது, அதில் பாருங்கள் என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் களவை நான் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருந்தேன்.

அவர் பெயர் சந்திரகாந்தி. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்கிற வேலை.

2.

முதல் வரிக்குப் பட்ட பாடு:

"பனி மூடிய மலைச்சரிவில், தனிமையின்..." சீ, ஹோட்டல் விளம்பரம் மாதிரி இருக்கிறது.

"சந்திரகாந்திக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, ஆனாலும்" ஆனாலும் என்ன? வராவிட்டால் போகிறது.

"லிங்கத்தின் காரியமெல்லாம் முடிந்து சொந்தபந்தம் கிளம்பிப் போன பிறகு, அவருடைய போன் டிங் என்றது." இது இருக்கட்டும்.

(இனி அக்காவை 'அவள்' என்று எழுதப்போகிறேன். கதையில் அப்படித்தான் வருகிறது. நேரில் சொன்னால் எனக்கு நாக்கு எழாது.)

3.

லிங்கம் அவளுடைய புருஷன். ஹாலிஎலயில் ஒரு ஆணிக்கடையில் வேலைக்கு நின்றவர். கஜேந்திரன் அவரோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த கூட்டாளி. மீசை முளைக்கிற வயதில், தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தத்தில் கஜேந்திரனின் குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது கோத்தகிரியில் இருக்கிறார். தலை நரைத்த பிறகு பேஸ்புக்கில் இருவரும் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தார்கள். போனில் பேசினால் இரண்டு பேரும் பழசைச் சொல்லி அழுதார்கள். அதனால் பேச்சை விட்டுவிட்டு, கஜேந்திரனின் பேத்தி போட்டுக் கொடுத்த இந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். ரெயின், கோட், டின்: லிங்கம் வைத்ததெல்லாம் இந்த அளவுச் சொற்கள்தான். தோற்றுக்கொண்டே இருந்தார், சந்தோஷமாக.

அந்த லிங்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் போன் டிங் என்றது. உங்கள் முறை என்று காட்டியது. குறித்த நாளுக்குள் சொல் வைக்காவிட்டால் ஆட்டம் தானாக மூடிக்கொள்ளும். வாசலில் ஒரு மனுஷன் வந்து கூப்பிடும்போது பதில் சொல்லாமல் எப்படி இருக்கிறது? அவள் மனதுக்கு வந்த எழுத்துகளைக் கோத்துப் பார்த்தாள். விளையாட்டு ஏற்றுக்கொள்ளவில்லை. தேடிப் பிடித்து அந்தச் சொல் கொட்டுகிற வெப்சைட்டுக்குப் போனாள். வாயில் நுழையாத ஒரு சொல்லை அது நீட்டியது. அர்த்தம் கிர்த்தம் எதுவும் பார்க்காமல் வைத்தாள்.

உடனே அந்தப் பக்கமிருந்து தமிழில் வந்தது. "டேய் லிங்கம், டிக்ஷனரிய முழுங்கிட்டியாடா?"

சிரித்துவிட்டாள். பிறகு அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஏன் என்று விளக்க எனக்கு மூன்று பக்கம் தேவைப்பட்டது, எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். விஷயம் இதுதான். தோட்டத்து லயத்து வீடுகளில் இப்போது லிங்கம் என்ற பெயரை யாரும் சொல்வதில்லை, 'போன மனுஷன்' என்கிறார்கள். கொழும்பில் இருக்கிற மகள் துஷ்யந்தி, அம்மா அழுதுவிடுவாள் என்று பயந்து அப்பா பேச்சையே எடுப்பதில்லை. கோத்தகிரியில் மட்டும் லிங்கம் உயிரோடு இருந்தார். போதாததற்கு, ஜெயித்துக்கொண்டும் இருந்தார்.

அவள் ஆடிக்கொண்டே இருந்தாள்.

4.

(அடிக்குறிப்பு, அடியில் போட இடமில்லாததால் இங்கே: எங்கள் பக்கம் இழவு வீட்டுக்காரர் தன் வாயால் இழவு சொல்வதில்லை. வேறு ஆள்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்லணும். சொல்லிவிட்டால் கேட்டவர் வந்தே ஆகணும். சொல்லாமல் விட்டால் ஆயுசுக்கும் முகம் பார்க்க மாட்டார். லிங்கத்துக்குச் சொல்லப் போன சிவஞானம் ஹாலிஎல, பதுளை எல்லாம் சுற்றி வந்தார். கோத்தகிரி அவர் ஞாபகத்தில் இல்லை.)

நான் அக்காவைப் பார்த்ததற்கு முந்தின வாரம் கஜேந்திரனிடமிருந்து இன்னொரு சேதி வந்தது. "டேய், பாஸ்போர்ட் கெடச்சிருச்சு. சித்திரைக்கு வர்றேன், டிக்கெட் போட்டாச்சு. பதுள ஸ்டேஷன்ல வந்து நில்லு. ஒன்னய நானே கண்டுபுடிக்கிறேன், பாரு."

5.

முடிவு, முதல் தரம்: கஜேந்திரனும் எப்போதோ செத்துவிட்டார், அந்தப் பக்கம் ஆடுவது அவர் பெண்சாதி. பவாஸிடம் சொன்னேன். என் கதையையெல்லாம் முதலில் கேட்கிறவர் அவர்தான். பிரமாதம் என்று கைதட்டினார். அவர் கைதட்டியதால் அந்த முடிவைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். இரண்டு பொம்பளைகளை அழவைத்து நான் கெட்டிக்காரன் பட்டம் வாங்கணுமா?

முடிவு, இரண்டாம் தரம்: ரயில் வந்து நிற்கிறது. கஜேந்திரன் இறங்குகிறார். நரைத்த தலை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். தூணுக்குப் பக்கத்தில் நின்ற அவள்

இல்லை. இதை என்னால் எழுத முடியாது.

6.

பஸ்ஸில் நடந்ததைச் சொல்கிறேன். அக்கா போனை என் கையில் வைத்தார். "தம்பி, நீங்க வெளியாளு. எனக்காக அவருக்கு இழவு சொல்லிருங்க. நான் சொல்லக் கூடாது" என்றார்.

'அண்ணே' என்று அடித்தேன். நிமிர்ந்தால், அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"சொல்லிட்டா, அதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரர டேய்னு கூப்பிட ஒரு ஆளும் இல்ல தம்பி."

அடித்ததை அழித்தேன். வீட்டுக்குப் போய் நல்லபடியாக எழுதி அனுப்புகிறேன் என்று கஜேந்திரனின் நம்பரை வாங்கிக்கொண்டேன். அக்கா ஒரு வரி கேட்டார், நான் கதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சித்திரையோ நெருங்கிவிட்டது.

7.

கதையை முடிக்கப் போவதில்லை. கீழே இருப்பது கஜேந்திரனுக்கு. இதை அனுப்பினால் ஒரு மனுஷன் இரண்டாம் தரம் சாகிறார். அனுப்பாவிட்டால் இன்னொரு மனுஷன் ஸ்டேஷனில் நின்று தேடுவார். என் விரல் நகரமாட்டேன் என்கிறது. வாசிக்கிற நீங்கள் சொல்லுங்கள், அழுத்தவா?

கஜேந்திரன் அண்ணே, சந்திரகாந்தி அக்கா சொல்லச் சொல்லி சொல்றேன். லிங்கம் அண்ணன் காலமாயிட்டாரு. இவ்வளவு நாளும் உங்ககூட ஆடுனது அக்காதான். கோவிச்சுக்காதீங்க. சொல்லியாச்சு, இனி நீங்க வரணும். டிக்கெட்ட மாத்திறாதீங்க. லயத்துக்கு வந்தா நேரா உள்ள போயிறாதீங்க. வாசல்ல நின்னு ஒரு தரம், பழைய மாதிரியே, "டேய் லிங்கம்"னு சத்தமா கூப்பிடுங்க. அக்கா உள்ளதான் இருப்பாங்க.