மூன்றாவது நாற்காலி

…இது சரிவராதாம், சோறே இல்லையாம், சொல்லிவிட்டுச் சதீஸ்குமார் எழுந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டான், கலாராணியோ மடியில் கைப்பையோடு நாற்காலியில் இன்னும் ஒழுங்காக உட்கார்ந்தபாடில்லை, எல்ல என்கிற இந்த ஊரில் வெள்ளைக்காரர்களுக்காகத் திறந்து வைத்திருக்கிற கடையில் சோறு இருக்காது என்பது மலைக்கு அந்தப் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் படுத்துக் கிடக்கிற பூனைக்குக்கூடத் தெரியுமே, கட்டின புருசனுக்குத் தெரியாதா… வாசல் பலகையில் என்னென்னவோ எழுதியிருக்கிறது, வாழைப்பழத்தை அரைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி மேலே ஒரு பூவைக் குத்திக் கொடுக்கிறார்கள், நாங்கள் சிரட்டையில் வைத்தால் நாய்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும், இங்கே அதற்கு முன்னால் குனிந்து நின்று படம் பிடிக்கிறார்கள், சரி, அவரவர் காசு, அவரவர் வயிறு, நமக்கென்ன… ஆனால் பரிமாற வந்தவன் ஏன் மூன்று தட்டு வைத்தான்? அவளுக்கு முன்னால் ஒன்று, சதீசுக்கு முன்னால் ஒன்று, சுவர்ப்பக்கம் இருந்த காலி நாற்காலிக்கு முன்னால் ஒன்று. மூன்று கிளாசிலும் தண்ணீர் ஊற்றினான், ஒரு தடுமாற்றமும் இல்லை. ரெண்டு பேருதான் தம்பி என்று அவள் சொல்வதற்குள் அவன் அடுத்த மேசைக்குப் போய்விட்டான். சதீசும் அந்த மூன்றாவது தட்டைப் பார்த்தான், பார்த்துவிட்டுத்தான் சோறு இல்லை என்றான்.

மகள் நிலுக்ஷி இருந்திருந்தால் இன்றைக்கு எட்டு வயசு முடிந்திருக்கும். காலையில் எழுந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் அது தெரியும், இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை, தேத்தண்ணி குடித்தார்கள், அவன் சவரம் செய்துகொண்டான், பெட்டியிலிருந்து நல்ல சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, கலா, பின்னேரம் எல்லக்குப் போய் சாப்புட்டுட்டு வருவமா என்று கேட்டான், கேட்ட மாதிரியே இல்லை, சுவரைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. அவள் மறுக்கவில்லை. எப்படி மறுப்பாள்… லயத்து வாசலில் நின்றால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இந்தத் தெரு முழுக்க விளக்காகத் தெரியும், பிள்ளை இருட்டினதும் அங்கே போய் நின்றுகொண்டு, அப்பா, ஒரு நாளைக்கு அந்த லைட்டுக்குக் கீழ ஒக்காந்து சாப்புடணும் என்று நச்சரிக்கும், அடுத்த பொறந்த நாளுக்குப் போவோம்டா என்று இவன் சொல்லுவான். அந்தப் பிறந்த நாள் வருவதற்குள் ஐப்பசி மழையோடு காய்ச்சல் வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள், யாரையும் குறை சொல்வதற்கில்லை. தேயிலை மலைக்கு மேலே அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றிலிருந்து சதீஸ் அவள் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அழவும் இல்லை. பண்டாரவளைக்குப் போகிறான், கடையில் டைல்ஸ் பெட்டி அடுக்குகிறான், வருகிறான், போட்டதைத் தின்கிறான், தட்டைக் கழுவி வைக்கிறான், ஆம்பளைன்னா இப்படித்தான் நெஞ்சுரமா இருக்கணும் என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள்… நெஞ்சுரமாவது மண்ணாவது, உள்ளே ஆளே இல்லை என்று அவளுக்கல்லவா தெரியும். ஒரு தடவை அவள் பெயரைச் சொல்லி அழுதுவிட்டால் போதும், மனுசன் திரும்பி வந்துவிடுவான், வராவிட்டால் பிள்ளையோடு சேர்த்து இவனையும் பறிகொடுத்த கணக்குத்தான். அதற்காகத்தான் அவள் இன்றைக்குப் புடவை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், சாப்பாட்டுக்காக இல்லை.

அடுத்த கடையில் கூரை முழுக்க வைக்கோல், ஜாம் போத்தலுக்குள்ளே பல்பு. நீ நில்லு, நான் உள்ள போய் கேட்டுட்டு வாரேன் என்று முதல் கடையில் செய்தது போலவே இங்கேயும் அவன்தான் முன்னால் போனான், அவள் வெளியே மூங்கில் வேலியோரமாக நின்றாள், மூடுபனி தெருவுக்குள் இறங்க ஆரம்பித்திருந்தது, எதிரே வந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு முழங்காலுக்குக் கீழே கால் தெரியவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தால் இங்கேயும் மூன்று தட்டு. பரிமாறினவள் நம் பக்கத்துப் பிள்ளைதான், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, இவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே, ஜூஸ்ல ஐஸ் போடலாமாக்கா, சளி கிளி ஏதும் இருக்கா என்றாள். யாருக்குச் சளி? கலாராணி சதீசைப் பார்த்தாள். சதீஸ்தான் பதில் சொன்னான், ரொம்ப சாதாரணமாக, ஐஸ் வேணாம் என்று. அந்தப் பெண் அத்தோடு விட்டாளா, மூன்றாவது தட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய கரண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சின்னக் கரண்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள்… வாசலில் நிற்கும்போது நான் இருமினேனோ, அதைப் பார்த்துக் கேட்டாளோ, அப்படித்தான் இருக்கும், சின்னக் கரண்டி சீனிக்காக இருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். எழும்பு கலா, இங்க எல்லாம் இனிப்பாத்தான் இருக்கு, வெறும் இனிப்ப வச்சு வயிறு நெறையுமா என்று அவன் சொன்னபோது அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

தெருவில் கூட்டம் குறைந்துவிட்டது, எங்கேயோ மேட்டில் ரயில் கூவியது, நடக்கும்போதுதான் கவனித்தாள், தனக்கும் அவனுக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் நடந்துகொண்டிருக்கிறாள். பக்கத்தில் போனால் என்ன, கட்டின புருசன்தானே… போகவில்லை. பயமா இது? பயம் என்றால் உடம்பு பின்வாங்க வேண்டும், இது முன்னால் போகச் சொல்கிறதே. மூன்று தட்டு வைக்கிறவர்களுக்கு என்ன தெரிகிறது? நமக்குத் தெரியாதது அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறதா? வந்திருக்கிறாளா? வராமலா, விளக்குக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எத்தனை நாள் கேட்டாள், கேட்டவள் வராமலிருப்பாளா… இப்படி நினைக்கிறேன் என்று யாரிடமாவது சொன்னால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் திருநீறு போட்டுவிடுவார்கள். பிள்ளைமடுவத்தில், கொழுந்தெடுக்கப் போகிற அம்மாமார் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள், தூங்கவைத்துவிட்டுத் தலைகளை எண்ணும்போது சில நாள் ஒன்று கூடுதலாக வரும், மறுபடி எண்ணுவாள், சரியாக வரும், முதலில் எண்ணின அந்த ஒன்று எங்கே போயிற்று என்று அன்றைக்கு முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். பயம் என்று பொய் சொல்வானேன், சந்தோசம்தான், தெருவில் ஆள் இல்லையென்றால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டே பார்த்திருப்பாள்.

மூன்றாவது இடம் மாடியில். இங்கேயும் அவன்தான் முன்னால் ஏறினான், இங்கே மூன்று தட்டோடு வெள்ளைத் தாளும் கலர் பென்சிலும் வைத்திருந்தார்கள். சுற்றி வர நாற்காலிகளெல்லாம் கொக்குக் காலில் நின்றன, ஏறி உட்காரவே ஏணி வேண்டும், இதிலே குந்திக்கொண்டு சாப்பிட்டால் தொண்டைக்குக் கீழே எப்படி இறங்கும்… சதீஸ் உட்காரவே இல்லை, சுவரோரத்து நாற்காலியை மட்டும் தொட்டு ஆட்டிப் பார்த்தான், அதன் உயரத்தைக் கையால் அளந்தான், ரொம்ப ஒசரம், விழுந்துட்டா என்ன பண்றது என்றான். யாருங்க விழுறது, அவள் கேட்டாள், கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள். அவன் அதற்குள் திரும்பி நடந்துவிட்டான். படிகளில் இறங்கினான், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, இடது கையை உடம்போடு சேர்க்காமல் கொஞ்சம் தள்ளி, தாழ்த்தி, விரல்களை லேசாக மடக்கி… அவன் அப்படி இறங்குகிறவன் இல்லை, லயத்துப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுகிறவன். பின்னால் இறங்கிக்கொண்டிருந்த கலாராணி அந்தக் கையை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று எத்தனை தரம் பார்த்தாலும் ஒன்றும் இல்லைதான்.

விளக்குகள் தீர்ந்துபோகிற இடத்தில், பஸ் டிரைவர்மார் சாப்பிடுகிற தகரக் கூரைக் கடை ஒன்று இருந்தது, ஜஸீல் நானாவுடையது, முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள், பருப்பும் கருவாடும் மணக்கிற கடை, அவருடைய மனைவி நஸ்மியா முன்னால் நின்று கல்லில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். சோத்துக்கு அலைந்த சனத்துக்கு இதுவல்லவா கடை, முதலிலேயே இங்கே வந்து தொலைத்திருக்கலாம்… நீ நில்லு என்றான் சதீஸ். இந்தத் தடவை அவள் நிற்கவில்லை, அவன் முதுகை ஒட்டிக்கொண்டே உள்ளே போனாள். சோறு இருக்குங்களா? இருக்கு, வாங்க, எத்தன பேரு? மூணு.

மூணு. யோசிக்காமல், குரல் மாறாமல், தன் பெயரைக் கேட்டால் சொல்வது போலச் சொன்னான். அப்படியென்றால் எல்லாக் கடையிலும் இவன்தான் சொல்லியிருக்கிறான், சின்னப் பிள்ளை ஒன்று கூட வருகிறது என்றும் சொல்லியிருப்பான், ஐஸ் கேட்டது அதனால், கரண்டி அதனால், கலர் பென்சில் அதனால். யார் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை, இவன் சொன்ன கணக்குக்குத் தட்டு வைத்தார்கள், அவ்வளவுதான். நியாயமாகப் பார்த்தால் மூச்சு வந்திருக்க வேண்டும் அவளுக்கு, வரவில்லை, ஏமாற்றமாக இருந்தது, அப்போ வரவில்லையா, யாருமே வரவில்லையா என்று நெஞ்சுக்குள் ஏதோ சரிந்தது. அந்த ஏமாற்றத்துக்குப் பின்னால்தான் குளிர் ஏறியது. இவன் எங்கே போயிருக்கிறான்? எவ்வளவு தூரம்? கூப்பிட்டால் கேட்கிற தூரமா? உட்கார்ந்தார்கள். ஜஸீல் மூன்று தட்டையும் துடைத்து வைத்துவிட்டுச் சோற்றுச் சட்டியோடு நின்றார், வாசல் பக்கம் பார்த்தார், மூணு பேரெண்டீங்க, மத்த ஆளும் வரட்டா, இல்ல போடவா?

சதீஸ் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு கல்லை எடுத்து மேசையில் வைத்தான். சின்னக் கல், லயத்து வாசலில் கிடக்கிற சாதாரணக் கருங்கல், கொஞ்சம் மண்கூட ஒட்டியிருந்தது. கலாராணிக்குப் பார்த்த உடனே விளங்கிவிட்டது, எந்தக் கடையும் விளக்காததை அது விளக்கியது. மூன்று பேராகச் சேர்ந்து ஒரு காரியத்துக்குப் புறப்படக்கூடாது, புறப்பட்டே ஆகவேண்டுமென்றால் ஒரு கல்லைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், அது நாலாவது ஆள், இவர்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனாலும் காலுக்குச் சப்பாத்து வாங்கப் போனாலும் பிள்ளைதான் ஓடிப்போய்க் கல் பொறுக்கிக்கொண்டு வரும். இரண்டு பேர் போவதற்குக் கல் எதற்கு? மூணு பேரா போகக்கூடாதுல்ல, அதான் வரும்போது எடுத்தேன் என்றான் அவன், அவளைப் பார்த்து, பல மாதங்களுக்குப் பிறகு நேராகக் கண்ணைப் பார்த்து. அன்னைக்கு எடுக்கல கலா. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப. ஆட்டோ வந்து நின்னுருச்சு, புள்ள மடியில அனலா கொதிச்சிச்சு, நான் கல்ல மறந்துட்டேன்… இதுதானா, இத்தனை நாளும் உள்ளே இதைத்தானா வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாய், கல்லாலேயா போவாள், காய்ச்சலால் போனாளய்யா என்று கத்த வேண்டும் போலிருந்தது, கத்தினால் இந்த மனுசன் இன்னும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். ஜஸீல் இன்னும் சட்டியோடு நிற்கிறார். ரெண்டு பேருதான் என்று சொன்னால் மூன்றாவது தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அது சரியா? எடுக்கவிடாமல் வைத்தால் அது சரியா? அவனை இழுத்துக்கொண்டு வருவதா, அவன் இருக்கிற இடத்துக்குத் தானும் போவதா…

மூணுலயும் போடுங்க நானா, அதுல மட்டும் கொஞ்சமா போடுங்க, அவள் குரல்தான், அவள்தான் சொன்னாள். ஜஸீல் போட்டார். சதீஸ் அந்தத் தட்டைப் பார்த்தான். கொஞ்சமாவா? நிலு கொஞ்சமாவா சாப்புடுவா, தன் தட்ட முடிச்சிட்டு என் தட்டுலயும் கைய விடுவாளே என்றான், சொல்லிவிட்டு நின்றான், தான் சொன்னது தனக்கே இப்போதுதான் கேட்டது போல. நிலு, என்றான் மறுபடியும். நிலு. வாய் கோணியது, தோள் குலுங்கியது, தகரக் கடைக்குள் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது, நஸ்மியா ரொட்டி தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள், ஜஸீல் முந்திக்கொண்டு போய் முன் கதவைப் பாதி சாத்தினார். அழு, நல்லா அழு, கலாராணி அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள், இதற்குத்தானே காத்திருந்தாள், திரும்பி வந்துவிட்டான், வந்துவிட்டானல்லவா… அழுதுகொண்டே சோற்றைப் பிசைந்தான், அழுதுகொண்டே சாப்பிட்டான், உப்பு சரியாக இருந்தது, பருப்பு நன்றாக இருந்தது, ஊரில் கடைசியாக ஒரு நல்ல கடை கிடைத்துவிட்டது, அவளும் ஒரு வாய் வைத்தாள். தொடை மரத்துப் போயிருந்தது. ஏன் இப்படி மரத்திருக்கிறது என்று பார்த்தால் மடியில் கைப்பை, தண்ணீர்ப் போத்தலும் குடையும் வைத்த கனமான பை, பின்னேரத்திலிருந்து உட்கார்ந்த கடையிலெல்லாம் இது மடியிலேயேதான் இருந்திருக்கிறது, பக்கத்தில் நாற்காலி காலியாக இருக்கும்போது எதற்காக மடியில் சுமந்துகொண்டிருந்தேன்? அவன் மூணு என்று சொன்னது இந்தக் கடையில்தானே காதில் விழுந்தது, அதற்கு முந்தியே அந்த நாற்காலியை நான் யாருக்கு விட்டு வைத்தேன்… அவள் பையைத் தூக்கினாள். அந்த நாற்காலியைப் பார்த்தாள். பிறகு குனிந்து, ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை என்று, தரையில் வைத்தாள்.