பெத்லகேமில் ரப்பர் மரம்

ஈப்போவில் எங்கள் மாதா கோயிலில், கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் வருஷா வருஷம் ஒரே பெத்லகேம்தான் தொங்கும். மஞ்சள் மணல், இரண்டு ஈச்ச மரம், ஓர் ஒட்டகம். எண்பதாம் வருஷம் அந்தப் படுதாவைக் கரையான் தின்றுவிட்டது. கத்தரின் நன்றாகப் படம் போடுவாள், அவளிடம் கொடுங்கள் என்று பாதர் சொல்லிவிட்டார். நான் ஜெலாப்பாங்கில் சட்டை தைக்கிற பேக்டரியில் வேலை பார்க்கிறவள். ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது நாடகத்துக்குப் படுதா எழுதிய கை இது. பெத்லகேமை நான் கண்டதில்லை. கண்டதைத்தான் என்னால் எழுத முடியும்.

நான் கண்டது சின்னப்பாறைத் தோட்டம். சிம்பாங் பூலாய்க்கு அப்பால், சுண்ணாம்பு மலை அடிவாரத்தில் இருந்தது. வெள்ளைக்காரன் விற்றான். வாங்கியவன் அங்கே வீடு கட்டப் போகிறேன் என்று எங்களை லயத்து வீடுகளை விட்டுக் கிளம்பச் சொன்னான். பெட்டி படுக்கையோடு ஈப்போவுக்கு வந்தோம். நாங்கள் இந்தப் பக்கம் வந்ததும் புல்டோசர் அந்தப் பக்கம் போனது. லயத்தை இடித்தது, எங்கள் ஆட்களைப் புதைத்திருந்த மேட்டையும் சமப்படுத்திவிட்டது.

என் மூத்தவள் லூர்து அந்த மேட்டில்தான் இருந்தாள். மூன்று வயதில் காய்ச்சலில் போன பிள்ளை. ஒரு போட்டோகூட எடுத்துவைக்கவில்லை. அவள் பிறந்தாள், இருந்தாள் என்பதற்கு அடையாளம் அந்த மண்ணும் ஒரு மரச் சிலுவையும்தான். அதையும் வழித்துப் போட்டுவிட்டார்கள். கல்லறைத் திருநாளுக்கு அங்கே போன என் வீட்டுக்காரர் கஸ்பார், எந்த இடத்தில் நின்று ஜெபம் சொல்வது என்று தெரியாமல் மெழுகுவத்தியோடு திரும்பி வந்தார்.

ஆகவே தோட்டத்தை எழுதினேன். நூல் பிடித்த மாதிரி நெரை நெரையாக ரப்பர் மரங்கள். நடுவில் லயம், அதன் வாசலில்தான் பாலகன் இயேசு படுத்திருப்பார். பின்னால் மலை. மலையின் நிறம் சாம்பல், அது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு என் கையில் அது கன்னங்கரேலென்று வந்தது. வயிறு எரிகிறவள் சாயம் கலக்கினால் அப்படித்தான் வரும் என்று விட்டுவிட்டேன். மலைக்குக் கீழே மேடு, மேட்டடியில் வாய்க்கால். மேட்டில் சின்னச் சின்னதாகச் சிலுவைகள். இருப்பதிலேயே சின்னது லூர்துவுடையது.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. தோட்டத்தில் படுதாவுக்குக் கோணிச் சாக்கை ஒட்டுத் தைத்து, சாயம் குடிக்காமலிருக்க ரப்பர் பாலை ஒரு பூச்சுப் பூசுவோம். எனக்கு வேறு முறை தெரியாது. ஒரு வாளிப் பால் வாங்கிவந்து அப்படியே பூசினேன். தோட்டத்தில் காற்றே அந்த வாடைதான், யாரும் மூக்கைச் சுளிக்கமாட்டார்கள். இங்கே ஜன்னலைச் சாத்திவைத்த கோயில். ஞாயிறு பூசைக்குள் பால் அழுகிக் குடலைப் பிடுங்கியது. முன் பெஞ்சுக்காரர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். பின் பெஞ்சில் இருந்த எங்கள் தோட்டத்துப் பெண்களில் ஒருத்திகூட மூக்கை மூடவில்லை. பெட்ரீசியா அக்கா முகத்தைத் தூக்கி மூச்சை இழுத்தார், கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பூசை முடிந்ததும் எல்லாரும் படுதாவுக்கு முன்னால் வந்து, இது எங்கள் வீடு, அது பால் ஸ்டோரு என்று விரலை நீட்டிக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்குப் போகவே மனமில்லை அவர்களுக்கு.

கோயில் கமிட்டித் தலைவர் சூசைநாதனுக்கு இது பிடிக்கவில்லை. அரசாங்க ஆபீஸில் பெரிய கிளார்க் அவர். அவரும் சின்னப்பாறையில் பிறந்தவர்தான், எங்கள் லயத்துக்கு எதிர் லயம். படித்து மேலே வந்தபின் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார். வேறு யாராவது எடுத்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். முதலில் நாற்றம் என்றார். பாதர் ஜன்னல்களைத் திறந்துவிட்டார், கஸ்பார் சாம்பிராணி போட்டார், நாற்றம் அடங்கியது. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவருக்கு உறுத்தியது சிலுவைகள்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மத்தியானம், நாங்கள் பெண்கள் பூ வைத்துக்கொண்டிருந்தபோது, பச்சைப் பெயிண்ட் டின்னும் பிரஷ்ஷுமாக வந்து நின்றார்.

"நல்ல நாளும் அதுவுமா, பாலகனுக்குப் பின்னால புதைகுழியக் காட்டுறதா, கத்தரின்? அது மேல ரெண்டு புதர் வரைஞ்சிடு. முடியாதுன்னா படுதாவக் கழட்டிடலாம்."

பாதரைப் பார்த்தேன். உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று அறைக்குப் போய்விட்டார். கஸ்பார் என் காதோரம் வந்தார். விட்டுவிடு லா, பிள்ளைதான் நம் மனசில் இருக்கிறாளே என்றார். மனசில் இருக்கிறாள்தான். என் மனசை எவர் வந்து பார்க்கப் போகிறார்? நானும் அவரும் போய்ச் சேர்ந்தால் அவளும் சேர்ந்துதானே போவாள்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு தரம் என் பிள்ளையை மண்ணில் மூடினேன். மறுபடி புல்டோசர்காரன் மூடினான். மூன்றாம் தரமும் என் கையாலேயே மூடச் சொல்கிறார் இந்த மனுஷர்.

டின்னை வாங்கித் திறந்தேன். பிரஷ்ஷை நன்றாக முக்கி எடுத்து, அவர் கையிலேயே கொடுத்தேன்.

"நீங்களே அடிங்கண்ணே. அந்த புல்டோசர்காரனுக்கு யார் எங்க இருக்காங்கன்னு தெரியாது. நீங்க தெரிஞ்சே அடிங்க. இந்த ஓரத்துலேர்ந்து ஆரம்பிங்க. இது ஒங்கப்பா."

பூ வைத்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. பிரஷ்ஷிலிருந்து பெயிண்ட் சொட்டி அவர் காலில் போட்டிருந்த சப்பாத்தில் விழுந்தது. அறைந்துவிடுவாரோ என்று நினைத்தேன். ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை, அறைந்தால் வாங்கிக்கொள்வது என்றே நின்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படுதாவுக்கு வெகு கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். நெடுநேரம் பார்த்தார்.

"அப்பா இங்க இல்ல," என்றார்.

எங்கே என்று கேட்டேன்.

"கீழ, வாய்க்காப் பக்கத்துல. மழை பேஞ்சா தண்ணி ஏறிடும். அம்மா வேலை விட்டு வந்து மண்ண வெட்டி வெட்டிப் போடும். நான் கூடை தூக்குவேன்."

அவரிடமிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கிக் கீழே வைத்தேன். டின்னை மூடச் சொன்னேன், மூடினார். ஓரத்துச் சிலுவையைச் சுரண்டி எடுத்துவிட்டு என் சின்னப் பிரஷ்ஷை எடுத்தேன். இடத்தைக் காட்டுங்கள் என்றேன். அவர் விரலை வைத்த இடத்தில் நான் முதல் கோட்டை இழுக்கப்போகும்போது அவர் என் கையைத் தடுத்தார்.

"கொஞ்சம் மேல போடு, கத்தரின். நனைய வேணாம்."

வாய்க்காலுக்கு மேலே, எந்த மழைக்கும் தண்ணீர் எட்டாத இடத்தில், அவர் அப்பாவை வைத்தேன்.