மொரியோவுக்கு வாய்த்த மாணவி

ஜப்பானிய மலையூரான ஒனோதானியில் பிறந்தவர்களில் பனிச்சறுக்கு தெரியாதவர் என்று யாரும் கிடையாது. நடக்கத் தொடங்கிய பிள்ளையின் காலில் சறுக்குப் பலகையைக் கட்டிவிட்டுத்தான் தாய்மார்கள் கொல்லைப் பனியை வாரப் போவார்கள். அதனாலேயே ஊர்க்காரர்களிடம் ஒரு குறை இருந்தது. தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.

மொரியோவிடம் அந்தக் குறை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. அவனைப்போல மலையிறங்க அந்தப் பக்கத்தில் ஆளில்லை. ஆனால் சறுக்கு வாத்தியார் தேர்வை மட்டும் வருஷா வருஷம் கோட்டை விட்டான். போன முறை டோக்கியோவிலிருந்து வந்த ஒரு வங்கிக்காரரை, "சும்மா வாங்க சார், நடக்கற மாதிரிதான்" என்று சொல்லிச் சொல்லியே அழவைத்துவிட்டான்.

இந்த முறையும் தேறாவிட்டால் வடக்கே சுரங்கப்பாதை வேலைதான். தகரக் கொட்டகையில் ஆளோடு ஆள் ஒட்டிப் படுத்து, கல்தூசியைக் காறித் துப்பிக்கொண்டு, பனி உருகும்வரை கிடக்க வேண்டும். அவன் மனைவி நஹோ சண்டை எதுவும் போடவில்லை. முள்ளங்கி நறுக்கிக்கொண்டே, "இந்தக் குளிருக்கும் போனீங்கன்னா, திரும்பி வரும்போது நான் எங்கம்மா வீட்ல இருப்பேன்" என்று மட்டும் சொன்னாள். சொன்னால் செய்கிறவள் அவள்.

வாத்தியார்களுக்குப் பயிற்சி தருபவள் தொமோயே அக்கா. கோடையில் சரளை லாரி ஓட்டுவாள், குளிரில் சறுக்குப் பள்ளியை ஓட்டுவாள். இரண்டையும் ஒரே குரலில்தான் ஓட்டுவாள். அன்று காலை, "ஒருத்தன் வாத்தியார், ஒருத்தன் புதுசாக் கத்துக்க வந்தவன். நடிச்சுக் காட்டுங்கடா" என்றாள்.

மொரியோ புதியவனாக நடித்தான். தடுமாறுவதுபோல் கையை ஆட்டி, பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு புரளு புரண்டு, அதே வேகத்தில் எழுந்து நின்றான். தொப்பிகூட நகரவில்லை.

"இது விழறதா?" என்றாள் தொமோயே அக்கா. "பூனைகூட இவ்வளவு அழகா விழாது."

"அசிங்கமா விழணுமாக்கா?"

"பயந்து விழணும்டா. பயம்னா என்னன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

மொரியோ நேர்மையாக யோசித்தான். "நஹோ பேசாம இருந்தா கொஞ்சம் பயமா இருக்கும்."

கூடப் பயில வந்த சதாகி சிரித்த சிரிப்பில் பனிக்குள் உட்கார்ந்துவிட்டான். தொமோயே அக்கா சிரிக்கவில்லை. "மதியம் எல்லாரும் ஊர் மண்டபத்துக்கு வாங்க. பலகை வேண்டாம்."

மண்டபத்தில் ஊர்ப் பெண்களின் ஹவாய் ஆட்ட வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கம்பளிக் காற்சட்டைக்கு மேலே பூப்போட்ட பாவாடை, தலையில் காகிதப் பூ. நடுவில் நின்று சொல்லிக்கொடுப்பவள் நஹோ. பனியே காணாத ககோஷிமாவில் பிறந்தவள். அவளுடைய வகுப்புக்குள் மொரியோ இதுவரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"வாங்க வாங்க," என்றாள் நஹோ. "ரொம்ப சுலபம். நடக்கற மாதிரிதான்."

மொரியோ கடைசி வரிசைக்குப் போய் நின்றான்.

பாட்டு தொடங்கியது. நஹோ கடகடவென்று ஆடிக் காட்டினாள். ஆண்கள் கையைப் பார்த்தால் கால் நின்றது, காலைப் பார்த்தால் கை தொங்கியது. இடுப்பு என்ற ஒன்று தங்களுக்கு இருப்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஏன் இப்படி விறைக்கிறீங்க? இதுல பயப்பட என்ன இருக்கு? பின்னாடியே வாங்க, தானா வரும்."

ஒவ்வொரு சொல்லும் மொரியோவுடையது. கல்யாணமான முதல் குளிரில் அவளை நாற்காலி லிஃப்டில் ஏற்றி மலையுச்சிக்குக் கொண்டுபோய், "பின்னாடியே வா, தானா வரும்" என்று சொல்லிவிட்டு அவன் இறங்கிவிட்டான். அவள் பலகைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு மலை முழுவதும் நடந்தே இறங்கினாள். அதற்குப் பிறகு அவற்றைத் தொடவே இல்லை. இதைச் சாராயக்கடையில் அவன் எத்தனையோ முறை வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருக்கிறான். கேட்டவர்களின் வீட்டுப் பெண்களெல்லாம் இப்போது பாவாடை கட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மெதுவா சொல்லு நஹோ. மொதல்ல கால் மட்டும்."

"சொல்லுங்க டீச்சர்," என்று திருத்தினாள் நஹோ.

"மெதுவா சொல்லுங்க, டீச்சர்," என்றான். தோஃபு கடைக்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மூலையில் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்த தொமோயே அக்கா வாயைத் துடைத்தாள். "நாளைக்குத் தேர்வு. மத்தவங்களுக்கு ஓட்டல்ல தங்கியிருக்கறவங்களைப் பிடிச்சிருக்கேன். மொரியோ, உனக்கு மாணவி உன் பொண்டாட்டி."

"அக்கா, வேற யாராவது..."

"நான் ஒத்துக்கிட்டாச்சு," என்றாள் நஹோ.

அன்று மாலை மொரியோ பாத்திரமெல்லாம் கழுவினான். குளியல் தொட்டிக்கு வெந்நீர் போட்டான். "மாணவியைக் குளிப்பாட்டி மார்க் வாங்கறதா?" என்று கேட்டுவிட்டு அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்குப் பின்னாலிருந்த சின்னச் சரிவில் தேர்வு. மற்றவர்கள் உடனே தொடங்கிவிட்டார்கள். மொரியோ மண்டியிட்டு நஹோவின் பூட்ஸைத் தொட்டுப் பார்த்தான். "எங்கயாவது கடிக்குதா?"

"கடிக்காம? உங்க தங்கச்சியோடது. அன்னிக்கும் இதேதான் கடிச்சுது. நீங்க கேக்கல."

மொரியோ பள்ளிக்கு ஓடி, பெரிய பூட்ஸ் ஒன்றைத் தேடி எடுத்துவந்து மாட்டிவிட்டான். அதற்குள் சதாகியின் மாணவர் சரிவில் பாதி இறங்கியிருந்தார். தொமோயே அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள்.

முதலில் ஒரு காலில் மட்டும் பலகை கட்டி, சமதரையில் தள்ளிப் போகச் சொன்னான். பிறகு இரண்டிலும் கட்டி, சரிவில் நாலடி ஏற்றினான். நஹோ விழுந்தாள். கைகொடுத்துத் தூக்கப் போனவன், எழுந்திருப்பதைக் காட்டுவதற்காகத் தானும் பக்கத்தில் விழுந்தான். அவன் பலகை அவள் பலகைக்குள் சிக்கிக்கொண்டது. இருவரும் கவிழ்த்துப் போட்ட வண்டுகளைப்போல் கிடந்தார்கள். வாயில் பனியோடு, "மொதல்ல பலகையைச் சரிவுக்குக் குறுக்கே வை," என்றான். "அப்புறம் முட்டியை மடக்கு. அவசரமே இல்ல." அவளும் எழுந்தாள், அவனும் எழுந்தான். சறுக்கிக்கொண்டே குதிகாலை அகட்டினால் பலகை நின்றுவிடும் என்று காட்டினான். அவளும் நின்று காட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் மேலேர்ந்து வரட்டுமா?"

அவள் கேட்டதை நம்பமுடியாமல் தலையாட்டினான்.

வந்தாள். நேராக வந்தாள். குதிகால் அகலவே இல்லை. கீழே நின்றிருந்த தொமோயே அக்காவின் முட்டியில் மோதி, இரண்டு பேரும் சேர்ந்து உருண்டார்கள். சுரங்கக் கொட்டகையின் தகரக் கூரை மொரியோவின் கண்முன் வந்தது.

மல்லாந்து கிடந்த தொமோயே அக்கா வானத்தைப் பார்த்துக் கேட்டாள். "நிக்கறதுக்குச் சொல்லிக்குடுத்தானா, இல்லையா?"

"குடுத்தாரு," என்றாள் நஹோ. "எனக்குத்தான் நிக்க மனசு வரல."

பலகையைக் குறுக்கே வைத்து, முட்டியை மடக்கித் தானே எழுந்தாள். யாருக்கும் காத்திருக்காமல், பக்கவாட்டில் அடிமேல் அடி வைத்துச் சரிவில் மறுபடி ஏறத் தொடங்கினாள்.

"அக்கா, அப்ப நான்..."

"மொதல்ல என்னைத் தூக்குடா."

மொரியோ அவளைப் பார்த்தான். மேலே போய்க்கொண்டிருந்த நஹோவைப் பார்த்தான். அவள் இந்தமுறை இன்னும் உயரத்துக்குப் போகிற மாதிரி இருந்தது. தேர்வு வைக்க வந்தவளைப் பனியிலேயே விட்டுவிட்டு மாணவியின் பின்னால் ஏறினான்.

"இவன் தேறிட்டான்," என்றாள் தொமோயே அக்கா, படுத்தபடியே. "சதாகி, நீ வந்து தூக்கு."