பதினொரு ஊருக்கு ஒரு வண்டி

நடந்து போனால் நாளுக்கு ஒரு ஊர். சைக்கிளில் போனால் நாலு ஊர். காலரா ஊசி போட வேண்டிய பட்டியலில் மொத்தம் பதினொரு ஊர் இருந்தது. தொண்டூர் பதினொன்றாவது; வரிசையை மாற்றக் கூடாது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து செபாஸ்தியான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். எப்படிப் போட்டாலும் விடை மாறவில்லை. தொண்டூரில்தான் அவருடைய மகள் இருதயமேரி வாழ்க்கைப்பட்டிருந்தாள். முந்தின நாள் சந்தைக்கு வந்த ஒருவன் கையில் கடிதம் கொடுத்தனுப்பியிருந்தாள். ‘நைனா, எங்கள் தெருவில் மூன்று பேர் போய்விட்டார்கள். பிள்ளையை வெளியே விடவில்லை. ஊசி எப்போது வரும்?’ அவ்வளவுதான். நலம் விசாரிப்புக்கூட இல்லை.

ஜில்லா போர்டில் பதினாறு வருஷமாக அவர் ஊசி போடும் உத்தியோகம் பார்த்தார். அவருடைய சீமைச் சைக்கிள் போன மாதம் பனமலைப் பாறைச் சரிவில் இரண்டாக முறிந்தது. யுத்தம் தொடங்கி நாலு வருஷமாயிற்று. கப்பலில் சைக்கிள் வருவது நின்றே போய்விட்டது. சுகாதார அதிகாரி அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: “செஞ்சியிலே பச்சமுத்துன்னு ஒரு கொல்லன் கல்லு, மணல், சேறு எல்லாத்திலயும் ஓடற மாதிரி ஒரு சைக்கிள் கட்டியிருக்கானாம். நீ ஓட்டிப் பாரு. தகுதின்னு எழுதிக் கொடுத்தா அது உனக்கு. மத்த நாலு ஊசிக்காரங்களுக்கும் அவனையே செய்யச் சொல்லிடலாம். அவங்க பார்த்துத்தான் வாங்கணும்னு இல்லை. உன் கையெழுத்து போதும்.”

அந்தக் காகிதம் சட்டைப் பையில் இருந்தது. ஊசி மருந்துப் பெட்டி பச்சமுத்துவின் பட்டறை வாசலில் இருந்தது.

வண்டியைச் செபாஸ்தியான் வெகுநேரம் சுற்றிச் சுற்றி வந்தார். அழகென்று சொல்ல முடியாது. பழைய எஃகுக் குழாய்களை அறுத்துப் பித்தளை உருக்கி ஒட்டியிருந்தான். சீமை வண்டியைவிட ஒரு சாண் நீளம். முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்குக் கம்பி கீழே வளைந்து, மோப்பம் பிடிக்கிற நாய் மாதிரி முன்னால் நீண்டிருந்தது. பெடல்கள் தரையிலிருந்து நன்றாக உயர்ந்திருந்தன. மோட்டார் சைக்கிளின் பழைய டயரை வெட்டிச் சேர்த்திருந்ததால் சக்கரம் மூன்று விரல் அகலம்.

“இன்னா ஊசிக்காரரே, பொண்ணு பாக்க வந்த மாதிரி சுத்தறீங்க?” என்றான் பச்சமுத்து. “ஏறுங்க. கடிக்காது.”

“கோணலா இருக்குதேன்னு பாக்கறாரு போல,” என்றாள் அவன் மனைவி குஞ்சம்மாள். துருத்தி ஊதுவது அவள் வேலை; கை முழுதும் கரி. “நம்ம ரோடு மட்டும் நேரா இருக்குதா அண்ணே?”

அவர் ஏறினார். செட்டிகுளத்துக் கரையில் ஓட்டினார். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையடிவாரத்தில் உருட்டிவிட்டாற்போல் கற்கள் கிடக்கும் பாதையில் வேண்டுமென்றே இறக்கினார். பழைய வண்டியில் அந்த இடத்தில் பற்கள் ஒன்றோடொன்று மோதும். இதில் முன் போர்க்கு கல்லை விழுங்கிக்கொண்டது. மணிக்கட்டுக்கு மெல்லிய அசைவு மட்டும் வந்தது. ஆற்று மணலில் சக்கரம் புதையவில்லை. வண்டியின் நீளம் எதற்கென்று மேட்டில் ஏறும்போது விளங்கியது. முன்சக்கரம் தூக்காமல் தரையைப் பிடித்துக்கொண்டு ஏறியது. இந்த மண்ணை அறிந்தவன்தான் இதை யோசித்திருக்க முடியும். பதினாறு வருஷம் தன் முதுகெலும்பு கேட்டதையெல்லாம் யாரோ காதுகொடுத்துக் கேட்டு இரும்பில் எழுதிவிட்டதுபோல் அவருக்கு இருந்தது. வியாழக்கிழமை தொண்டூரில் இருப்பேன் என்று நினைத்தார். மனம் ஒரு கணம் லேசானது.

பட்டறைக்குத் திரும்பி இறங்கியவர், அனந்தபுரம் சந்தையில் பானை வாங்குகிறவர்கள் செய்வதுபோல், விரலை மடக்கி ஒவ்வொரு மூட்டாகத் தட்டினார். அது அவருடைய பழக்கம். கணீர். கணீர். பின்னால் நாலு இடத்திலும் கணீர். கடைசியாக ஹேண்டில்பாருக்குக் கீழே, முன் குழாயும் நீண்ட குழாயும் சேரும் மூட்டு. டப்.

மறுபடி தட்டினார். டப்.

பச்சமுத்துவின் சிரிப்பு நின்றது.

“ஆசாரி, ஒட்டினதும் எப்படி ஆறவெச்சீங்க?”

“எப்படின்னா? பழுக்க இருக்கறப்ப தொட்டியில முக்கி எடுத்தேன்.”

“எல்லா மூட்டையுமா?”

“இன்னா கேள்வி இது? முப்பது வருஷமா ஏர்க்கொழுவும் கடப்பாரையும் அடிக்கறேன். தண்ணியில முக்காத இரும்பு ஒரு இரும்பா?”

செபாஸ்தியான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். மூட்டின் அடிப்பக்கம் பித்தளையில் தலைமயிர் போல் ஒரு கோடு. பச்சமுத்துவும் குனிந்து பார்த்தான். நகத்தால் சுரண்டினான். கோடு போகவில்லை. கொழுவுக்கு உயிர் கொடுக்கிற தண்ணீர் இந்த ஒட்டைப் பிளந்துவிட்டது.

உலையில் கடைசிக் கங்கு வெடித்து அடங்கியது.

“பிரிச்சு மறுபடி ஒட்ட முடியாதா?” என்றார் செபாஸ்தியான்.

“கரி எங்கண்ணே இருக்குது?” என்றாள் குஞ்சம்மாள். “பெட்ரோல் இல்லாம பஸ்ஸே கரியிலதான் ஓடுது. இருக்கற கரியெல்லாம் அதுக்கே போவுது. பத்து நாளாவும்.”

பச்சமுத்து எழுந்து வந்து அவர் முழங்கையைப் பிடித்தான். “ஊசிக்காரரே, கட்டினது தப்பா? சொல்லுங்க. கட்டினதுல ஒரு குத்தம் உண்டா?”

“இல்லை. இதுமாதிரி வண்டி நான் ஓட்டினதில்லை.”

“அப்ப தகுதின்னு எழுதுங்க. மத்த நாலையும் தண்ணி காட்டாம காத்துல ஆறப்போடறேன். எங்கம்மா மேல சத்தியம். ஒரு வார்த்தைதானே? இந்த வேலை கைவிட்டுப் போச்சுன்னா, அப்புறம் எவன் என்கிட்ட சைக்கிள் கட்டச் சொல்லுவான்? சாவற வரைக்கும் கொழுதான்.”

ஒரு வார்த்தைதான். அதை எழுதினால் வியாழக்கிழமை தொண்டூர். செபாஸ்தியான் காகிதத்தை எடுத்து முழங்காலில் விரித்தார். மேலே அவரோடு வேலை பார்க்கும் மற்ற நாலு பேரின் பெயர்கள் இருந்தன. அதில் லூர்துநாதன் கனத்த உடம்புக்காரன். பாறைச் சரிவிலும் பிரேக் பிடிக்காமல் இறங்குகிறவன். பச்சமுத்துவின் சத்தியம் பொய்யில்லை. ஆனால் அந்தக் கை முப்பது வருஷக் கை. ஒரு நாள் அவசரத்தில் அது தன் பாட்டுக்குத் தொட்டிக்குப் போகும்; போனதுகூட அவனுக்குத் தெரியாது. லூர்துநாதன் தட்டிப் பார்க்க மாட்டான். செபாஸ்தியான் கையெழுத்து இருக்கிறதே என்று ஏறிவிடுவான்.

‘அமைப்பு மிகச் சிறந்தது. மூட்டில் விரிசல் விழுந்திருப்பதால் தகுதியில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஆண்டவரே, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் என்று உதடு மட்டும் அசைந்தது.

பச்சமுத்து படிக்கத் தெரியாதவன். அவர் முகத்தைப் படித்துக்கொண்டான். சம்மட்டியைச் சுவரோரம் வீசிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

செபாஸ்தியான் பெட்டியைத் தூக்கி வாசல் வரைக்கும் போனார். அங்கேயே நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திரும்பி உள்ளே வந்தார்.

“ஆசாரி… வண்டியை எனக்குத் தருவீங்களா?”

பச்சமுத்து திரும்பினான். “இன்னா சொன்னீங்க?”

“போர்டுக்கு இல்லை. எனக்கு.”

“தகுதியில்லைன்னு எழுதிட்டு அதே வாயால வண்டி கேக்கறீங்களா? வெக்கமா இல்ல?”

“இருக்குது,” என்றார் செபாஸ்தியான். “எம் பொண்ணு தொண்டூர்ல இருக்கா.”

“ஒடிஞ்சா தாடை பேந்துடும். மருந்தெல்லாம் மண்ணாப்பூடும். பச்சமுத்து வண்டி ஊசிக்காரரைக் கொன்னுடுச்சின்னு ஊரே பேசும்.”

“தகுதியில்லைன்னு எழுதியிருக்கேன். தெரிஞ்சே ஏறினான்னு பேசுவாங்க. மருந்தைப் பெட்டியில வெக்காம வைக்கோல் சுத்தி மடியில கட்டிக்கறேன்.”

குஞ்சம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் எழுந்து, தொட்டிக்குள் ஊறிக்கொண்டிருந்த மாட்டுத்தோல் வாரை உருவினான். வண்டியின் முன் மூட்டில் வைத்து, காலால் உதைத்து இழுத்து, சுற்றுக்கு மேல் சுற்றாக இறுக்கிக் கட்டினான். நெற்றி நரம்பு புடைத்தது.

“கலப்பை ஒடிஞ்சா இப்படித்தான் கட்டுவோம். தோலு காய்ஞ்சா இரும்பா இறுகிக்கும். ஈரமா இருக்கறப்ப ஏறினீங்க, அவ்வளவுதான். காயற வரைக்கும் தள்ளிக்கினு போங்க.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“வெயிலைக் கேளுங்க,” என்றான். வண்டியை அவன் கையிலிருந்து விடவில்லை. பிறகு விட்டான்.

மடியில் மருந்துக் கட்டோடு செபாஸ்தியான் தள்ளிக்கொண்டு நடந்தார். முதல் மைலில் தோலைத் தொட்டுப் பார்த்தார். விரல் ஈரமானது. இரண்டாவது மைலில் தொட்டார். பிசுபிசுத்தது. புளியமர நிழல் வந்த இடங்களிலெல்லாம் பாதையை விட்டு விலகி, வெயில் விழும் வயல் வரப்பில் தள்ளினார். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

பட்டியலின் முதல் ஊர் பனைகளுக்கு அப்பால் தெரிந்தபோது பறைச் சத்தம் கேட்டது. கல்யாணத்துக்கு அடிக்கிற அடி இல்லை. நின்று கேட்டார். ஒன்று ஓய்ந்ததும் ஊரின் மறுகோடியிலிருந்து இன்னொன்று தொடங்கியது.

தோலைத் தொட்டார். மேற்பக்கம் காய்ந்திருந்தது. அடிப்பக்கம் இன்னும் குளிர்ந்திருந்தது.

மடியிலிருந்த மருந்துக் கட்டை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டு ஏறி மிதித்தார்.