தண்ணீர் வற்றிய பாய்லர்

பெண் வீட்டார் வீடு பார்க்க வரும் நாளென்று யுன்ஷியா விடிவதற்கு முன்பே எழுந்து, பாய்லர் வாய் கொள்ளாமல் பிர்ச் கட்டைகளைத் திணித்துவிட்டாள். வடகிழக்குச் சீனாவில், ஹார்பினுக்கு வடக்கே, ஜனவரி மாதத்தில் எச்சில் துப்பினால் தரையில் விழுவதற்குள் உறைந்துவிடும். வீடு பார்ப்பது என்றால் அந்தப் பக்கத்தில் யாரும் சுவரையும் கூரையையும் பார்ப்பதில்லை. வந்தவர்கள் கோட்டைக் கழற்றினால் பாதிச் சம்மதம். சாப்பிட உட்கார்ந்தால் மீதியும் சம்மதம். வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டால் கதை முடிந்தது.

அவள் மகன் தெஹாயை ஏற்கெனவே ஒரு குடும்பம் இப்படிக் கழித்துக் கட்டியிருந்தது. அப்பன் செத்த வீடு, ஐஸ் பெட்டி மாதிரி இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பேச்சு அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகுதான் சமையலறை மூலையில் விறகு பாய்லர் வைத்து, அறைக்கு அறை வெந்நீர் ஓடும் ரேடியேட்டர் போட்டாள். இந்த இடமும் தட்டிப்போனால் மகனுக்குக் கல்யாணமே இல்லை என்று அவள் முடிவே கட்டியிருந்தாள்.

மாவு மில் வைத்திருக்கும் குவான், அவர் மனைவி, மகள் ருய்லிங் மூவரும் வந்தார்கள். குவான் கோட்டைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் ஸ்வெட்டரையும் கழற்றினார். யுன்ஷியாவுக்குத் தலைகால் புரியவில்லை. மனிதர் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே, குழாய் இன்னும் சாய்வாக இருக்க வேண்டும், புகைபோக்கி குட்டை, கட்டை சரியாகக் காயவில்லை என்று அடுக்கினார். உலகத்தில் அவருக்குத் தெரியாத சொல் ஒன்று உண்டென்றால் அது ‘தெரியாது’ என்பதுதான். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிள்ளையைப் பெற்றவள் வேறென்ன செய்வாள்?

பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு, பனியில் வைத்திருந்த பன்றி இறைச்சிக் கொழுக்கட்டைகளை எடுத்துவரப் பின்கட்டு ஷெட்டுக்குப் போனாள். திரும்பி வந்து கதவைத் திறந்தபோதே ரேடியேட்டர் வயிறு கலங்கியதுபோல் கடமுடவென்றது. சமையலறையிலிருந்து ‘டம்’ என்று ஒரு சத்தம். வீடே ஒரு முறை அதிர்ந்தது. அவள் கையிலிருந்த தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

சமையலறைத் தரை பளிச்சென்று துடைத்திருந்தது. ரேடியேட்டரின் அடிக்குழாய்க்குக் கீழே வாளியும், அதில் ஆவி பறக்கும் அழுக்குத் தண்ணீரும், பக்கத்தில் துடைப்பானும். விருந்தாளிகளின் பூட்ஸ் கொண்டுவந்த பனிச்சேற்றைக் கழுவ அந்தப் பெண் வாளி வாளியாக வெந்நீர் பிடித்திருக்கிறாள் என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. அங்கே எல்லோரும் பிடிப்பதுதான். பிடித்த அளவை மேலே இருக்கும் தொட்டியில் ஊற்றிவிட வேண்டும். தொட்டி தானாக நிரம்பும் பெரிய வீட்டில் வளர்ந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? உள்ளே நெருப்பு கொழுந்துவிட்டு எரிகிறது. தண்ணீரோ வற்றிவிட்டது.

அதற்குள் குவான் ஸ்டூல்மேல் ஏறி மேல்தொட்டியின் மூடியைத் திறந்திருந்தார். கையில் ஒரு வாளி பச்சைத் தண்ணீர். ருய்லிங் பாய்லரை ஒட்டி நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து ஊரில் ஒருவன் வற்றிய பாய்லரில் இப்படி ஊற்றி, இரும்பு பிளந்து, ஆவி அடித்து இரண்டு கண்ணையும் இழந்திருந்தான்.

“அண்ணே, வேணாம். கீழ இறங்குங்க.”

“நீங்க போய்க் கொழுக்கட்டையப் பாருங்கம்மா. மில்லுல இதவிடப் பெரிய பாய்லர நான் ஓட்டியிருக்கேன். ஒரு வாளி ஊத்தினா அடங்கிடும்.”

மறுபடி ‘டம்’. அவரைத் தொட்டால் சம்பந்தம் போச்சு என்று அவள் மனம் சொன்னது. வாளி சாய்ந்தது.

“யோவ், வாளிய இறக்குய்யா! உம் பொண்ணு மூஞ்சி வெந்துபோயிடும்!”

கத்தியபடியே பாய்ந்து வாளியை இழுத்தாள். தண்ணீர் முழுவதும் குவானின் இடுப்புக்குக் கீழே கொட்டியது. அவர் ஸ்டூலிலிருந்து தடுமாறிக் கீழே வந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைத் தோளைப் பிடித்துக் கதவுக்கு வெளியே தள்ளினாள். பாய்லரின் காற்றுவாயை அடைத்தாள். எரியும் கட்டைகளை மண்வெட்டியால் இரும்புச் சட்டியில் வாரினாள். தெஹாய் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பனியில் கொட்டினான். புகை தாங்காமல் ஜன்னல்களைத் திறந்தார்கள். வெளியே இருந்த குளிர் முழுக்க உள்ளே வந்தது. பாய்லர் இன்னும் சில முறை இடித்தது. இடைவெளி நீண்டது. பிறகு ஓய்ந்தது.

கூடத்தில் குவான் ஈரப் பேண்ட்டோடு கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்டாள். இதுவரை தன்னை யாரும் இப்படிப் பேசியதில்லை என்றும், ஒரு பாய்லரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளத் துப்பில்லாத வீட்டில் பெண் கொடுக்கத் தனக்குப் பைத்தியமா என்றும் அவர் கேட்டார்.

“அந்தத் தண்ணிய...” என்று தெஹாய் ஆரம்பித்தான். யுன்ஷியா அவன் காலை நறுக்கென்று மிதித்தாள். ஒரு வார்த்தையில் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆனால் சேற்று பூட்ஸோடு வந்தவர்களில் துடைப்பானைத் தேடி எடுத்த ஒரே ஆள் அந்தப் பெண். அவளை அப்பன் முன்னால் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. போனால் போகட்டும்.

“அப்பா, தண்ணிய நான்தான் எடுத்தேன்” என்றாள் ருய்லிங். “தரை தொடைக்க. திருப்பி ஊத்தணும்னு எனக்குத் தெரியாது. அவங்களுக்குத் தெரியும், சொல்லல.”

குவான் மகளைப் பார்த்தார். சமையலறைக் கதவு வழியாக, அவள் நின்ற இடத்தையும் அதையொட்டி இருந்த பாய்லரையும் பார்த்தார். முகத்தில் ரத்தமில்லை.

“நாளைக்கு இவ ஏதாவது தப்பு பண்ணா இவகிட்டயும் இப்படித்தான் கத்துவீங்களா?”

மரியாதையெல்லாம் கட்டையோடு வெளியே போய்விட்டது. “ஊத்தப் போனா கத்துவேன்” என்றாள் யுன்ஷியா. “எடுத்ததுக்குக் கத்தமாட்டேன்.”

திறந்த ஜன்னல் வழியாகப் பனித்தூள் வந்து நாற்காலிமேல் படிந்தது. எப்போது மறுபடி பற்றவைக்கலாம் என்று குவான் கேட்டார். நன்றாக ஆறிய பிறகுதான் தண்ணீர் விட முடியும், சாயங்காலம் ஆகிவிடும் என்றாள் அவள்.

அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தார்.

“ஆகட்டும். அதுவரைக்கும் ஒரு காஞ்ச பேண்ட் குடுங்க, சம்பந்திம்மா.”