காதில் விட்ட எண்ணெய்

மூன்று சொட்டுதான் விட்டேன். ஆறாகவும் இருக்கலாம், கல்யாண மேடையில் மைக் பிடித்துப் பிழைப்பவனுக்கு எதிலும் அளவு தெரியாது. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். காதுவலி என்றால் எங்கள் வீட்டில் அதுதான் மருந்து. மணிக்கட்டில் விட்டுப் பார்த்தேன், சூடு தெரியவில்லை. என்னுடையது எதற்கும் சுரணையில்லாத தோல் என்பதை மறந்துவிட்டேன். மலர்விழி போட்ட அலறலில் எங்கள் கிள்ளான் பிளாட்டில் மூன்று மாடிக் கதவுகள் திறந்தன. அழுகைக்கு நடுவே, "தொண்டையெல்லாம் கசக்குதுப்பா" என்றாள். ஏழு வயது.

காதில் விட்டது தொண்டைக்கு வரக்கூடாது என்பதே எனக்கு அரசாங்க மருத்துவமனையில்தான் தெரிந்தது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் உட்கார இடமில்லை. டான்சில் வீங்கி வாயைத் திறந்தபடியே தூங்கிய ஒரு சீனக் குழந்தை. மூக்கில் பச்சைப் பட்டாணியைத் திணித்துக்கொண்டு வந்திருந்த ஒரு பொடியன். அவன் அம்மாவிடம், "முளைச்சா சொல்லுங்கக்கா, நான் வந்து தண்ணி ஊத்துறேன்" என்றேன். அந்த அம்மா சிரித்தாள். என் மனைவி அமுதவள்ளி என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்: "நீங்க ஊத்துனது போதும்."

டாக்டர் சின்னப் பெண். மெல்லிய கேமராவைக் காதுக்குள் விட்டுத் திரையில் காட்டினாள். இடது காதின் செவிப்பறையில் ஓட்டை. அதற்குப் பின்னால் தோல் வளர்ந்து, உள்ளே இருக்கும் குட்டி எலும்புகளை அரித்திருக்கிறது.

"ரொம்ப நாளா சீழ் வந்திருக்குண்ணே. ஆபரேஷன் செஞ்சாகணும். அது மேல பரவாம நிறுத்தத்தான். இந்தக் காதுல பழையபடி கேட்கும்னு என்னால சொல்ல முடியாது."

"நான் எண்ணெய் விட்டதாலயா, டாக்டர்?"

"இனிமே எதுவும் விடாதீங்க."

நர்ஸிடம் கேட்டேன். "அதெல்லாம் யோசிக்காதீங்க லா." அமுதவள்ளியிடம் கேட்டேன். அவள் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள். பளாரென்று ஒரு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாண விருந்து, முந்நூறு பேரைச் சிரிக்க வைக்க முன்பணம் வாங்கியிருந்தேன்.

அமுதவள்ளி மருந்து வாங்க வரிசையில் நின்றாள். மலர்விழி பெஞ்சில் என் வலது பக்கம் உட்கார்ந்து, பெட்டி மைலோவில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, காது சரியா கேக்கலன்னு அப்பாகிட்ட முன்னாடியே ஏன் சொல்லல?"

உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். குனிந்து, அவள் முகத்துக்கு நேராக இன்னொரு முறை கேட்டேன்.

"சொன்னேன்ப்பா." ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தாள். "போன வருஷம், மாமா வீட்டு பர்த்டேல. காதுலேர்ந்து தண்ணி வருதுன்னு சொன்னேன். பைப் ரிப்பேர்காரரைக் கூப்பிடவான்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

கொஞ்சம் யோசித்தாள்.

"நானும் சிரிச்சேன்."

என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, பெட்டியைக் கையில் பிடித்தபடி எழுந்தாள். என் முழங்காலைச் சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கம் உட்கார்ந்தாள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, நல்ல காதை என் பக்கம் சாய்த்துக் காத்திருந்தாள்.